பிஎஸ்/எம்டி: பள்ளியிலிருந்தே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து நீட்டில் நல்ல ரேங்க் வாங்கினால் பதினெட்டு வயதில் எம்பிபிஎஸ் வகுப்பில் உட்கார்ந்துவிடலாம். நான்கரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி, கையில் டாக்டர் பட்டம். அமெரிக்காவில் பள்ளி முடித்ததும் நேராக மருத்துவம் கிடையாது. முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம். அதற்குள்ளேயே மருத்துவக் கல்லூரி கேட்கும் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை முடிக்க வேண்டும், மருத்துவக் கல்லூரி நுழைவுக்கான எம்கேட் தேர்வு எழுத வேண்டும், இருபது முப்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எம்டி என்ற நான்காண்டுப் படிப்பு அதற்கப்புறம்தான். நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ குடியேறிய தமிழ்ப் பெற்றோர், பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் 'பிஎஸ்/எம்டி' என்ற பேச்சைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவதற்குக் காரணம் இதுதான். பள்ளி முடிக்கும்போதே இளநிலை இடமும் மருத்துவ இடமும் சேர்ந்து கிடைக்கிறது. ஊரில் பார்த்த வழி மாதிரியே இருக்கிறது.

குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். நீட்டில் மதிப்பெண் மட்டும் பேசும். பிஎஸ்/எம்டியில் மதிப்பெண் பிள்ளையை வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே அழைப்பதா என்பதை வேறு விஷயங்களை வைத்து முடிவு செய்கிறார்கள். கடைசியில் கைக்கு வருவது சீட்டும் இல்லை, நிபந்தனையோடு கூடிய ஓர் உறுதிமொழி. அதன் நிபந்தனைகளை மே மாதம் கையெழுத்துப் போடும்போது முதல்முறையாகப் படிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பதினோராம் வகுப்பிலேயே படித்துவிட்டு, எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்பதை அதிலிருந்து பின்னோக்கித் தீர்மானிப்பதுதான் சரியான வரிசை.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு நோக்கம்

எல்லா பிஎஸ்/எம்டியும் ஒன்றுதான், பெயரும் ஊரும்தான் வேறு என்ற எண்ணம் விண்ணப்பத்தைக் கெடுக்கும் முதல் தவறு. இந்தத் திட்டங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை.

மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேன்சஸ் சிட்டி வளாகம் 1971-இல் தொடங்கிய ஆறாண்டுத் திட்டத்தின் நோக்கம் டாக்டர்களை விரைவாகவும் நோயாளிகளுக்கு அருகிலும் உருவாக்குவது. முதலாண்டிலிருந்தே மாணவர்கள் மருத்துவமனைச் சூழலில் பழகுகிறார்கள். 'டோசென்ட்' எனப்படும் மூத்த மருத்துவர் ஒருவர் சிறு குழுவை ஆண்டுக்கணக்கில் உடனிருந்து வழிநடத்துவார். கோடை விடுமுறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது ரோட் ஐலண்டின் பிரௌன் பல்கலைக்கழகம் நடத்தும் எட்டாண்டுத் திட்டம், பிஎல்எம்இ. முதல் நான்கு ஆண்டுகளில் மாணவர் தத்துவமோ இசையோ படிக்கலாம், படிக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கிறார்கள். எம்கேட்டும் தேவையில்லை. இங்கே அவசரக்காரருக்கு இடமில்லை. 'சீக்கிரம் டாக்டராக வேண்டும்' என்று பிரௌனுக்கு எழுதும் பிள்ளை, அந்தத் திட்டம் எதற்காக இருக்கிறது என்றே பார்க்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி மருத்துவக் கல்லூரி இன்னும் தெளிவான உதாரணம். ஒரே மருத்துவக் கல்லூரிக்கு மூன்று வாசல்கள். ஆர்பிஐ எனப்படும் ரென்சலர் பாலிடெக்னிக் வழியாக வந்தால் ஏழாண்டு. ஆராய்ச்சி செய்யும் மருத்துவர்களுக்கானது. யூனியன் கல்லூரி வழியாக எட்டாண்டு. தலைமைப் பண்பும் நிர்வாகமும் அதன் அடையாளம். சியேனா பல்கலைக்கழகம் வழியாகவும் எட்டாண்டுதான், ஆனால் மனிதநேயச் சேவையே அதன் உயிர். ஒரு கோடைக்காலம் முழுவதும் எளிய மக்களிடையே பணி செய்ய வேண்டும். மூன்று ஆண்டு ஆய்வுக்கூடத்தில் கழித்த பிள்ளைக்கு ஆர்பிஐ பொருந்தும். முதியோர் இல்லத்துக்கு வாரம் தவறாமல் போன பிள்ளைக்கு சியேனா. மூன்றுக்கும் ஒரே கட்டுரையை அனுப்பினால் மூன்றிலும் அந்நியமாகத் தெரியும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சோஃபி டேவிஸ் திட்டம் 1973-இல் தொடங்கியது. மருத்துவர் போதாத பகுதிகளில் அடிப்படை மருத்துவம் பார்ப்பவர்களை உருவாக்குவது அதன் குறிக்கோள். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத் திட்டம் தன் மாநிலத்துப் பிள்ளைகள் அங்கேயே மருத்துவராக நிலைக்க வேண்டும் என்பதற்காக இருக்கிறது. இவற்றில் 'பெரிய நகரத்தில் இதய அறுவை நிபுணராக வேண்டும்' என்ற கனவு, எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், தவறான முகவரிக்குப் போன கடிதம்.

திட்டங்கள் நிரந்தரமும் இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1961-இல் தொடங்கி பல பத்தாண்டு புகழோடு நடந்த கூட்டுத் திட்டம் சில ஆண்டுகளுக்கு முன் புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டது. உறவினர் பிள்ளை ஐந்தாண்டுக்கு முன் சேர்ந்த பட்டியலை வைத்துக்கொண்டு திட்டமிடாதீர்கள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தைத் திறந்து, இந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்பதிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் தகுதி

நம் குடும்பங்கள் பல இந்தக் கட்டத்தில்தான் அடிபடுகின்றன. பெரும்பாலான திட்டங்கள் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும். பெற்றோரின் எச்-1பி விசாவை ஒட்டி எச்-4-இல் இருக்கும் பிள்ளை, மூன்று வயதில் வந்து அங்கேயே வளர்ந்திருந்தாலும், பல திட்டங்களின் கணக்கில் வெளிநாட்டு மாணவரே. அதோடு 21 வயதானதும் எச்-4 தகுதி முடிந்துவிடும். இளநிலைப் படிப்பின் நடுவிலேயே மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். மருத்துவக் கல்லூரியில் கூட்டரசு கல்விக் கடனும் கிடைக்காது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகளிலும் சில, பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் வைக்கச் சொல்கின்றன. எனவே எச்-4 பிள்ளைகளுக்கு முதல் வேலை கட்டுரை எழுதுவதில்லை. ஒவ்வொரு திட்ட அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி, 'விண்ணப்பிக்கும் நாளில் கிரீன் கார்டு வேண்டுமா, மருத்துவக் கல்லூரியில் நுழையும் நாளில் இருந்தால் போதுமா' என்று எழுத்தில் பதில் வாங்குவதுதான். தமிழ்நாட்டில் படிக்கும் பிள்ளைக்கும் இதே கதவுதான்; திறந்திருப்பவை மிகச் சில.

அடுத்தது எந்த மாநிலத்தவர் என்பது. சில திட்டங்கள் சொந்த மாநிலத்தாருக்கு மட்டும். சில, வெளி மாநிலத்தவருக்கு மிகக் குறைந்த இடங்களையே ஒதுக்கும். மதிப்பெண் வரம்பும் கவனிக்க வேண்டியது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வைப் பல்கலைக்கழகம் பொதுவாக 'விருப்பம் போல எழுதலாம்' என்று சொன்னாலும், பிஎஸ்/எம்டிக்கு மட்டும் கட்டாயம் என்று ஒரு வரி வேறொரு பக்கத்தில் இருக்கும். பல திட்டங்களில் அக்டோபர், நவம்பர் தேர்வு மதிப்பெண் நேரத்துக்குப் போய்ச் சேராது. பதினோராம் வகுப்பு முடிவதற்குள், தப்பினால் ஆகஸ்டில், எஸ்ஏடியை முடித்துவிட வேண்டும்.

நாட்காட்டி

காமன் ஆப் எனப்படும் பொது விண்ணப்பம் ஆகஸ்ட் 1-இல் திறக்கும். சாதாரணக் கல்லூரி விண்ணப்பங்கள் பலவற்றுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு. பிஎஸ்/எம்டி திட்டங்களில் பலவும் நவம்பர் 1, நவம்பர் 15 போன்ற தேதிகளிலேயே மூடிவிடும். காமன் ஆப்பில் திட்டத்துக்கான கட்டத்தை 'ஆம்' என்று குறித்தால்தான் கூடுதல் கட்டுரைகள் தோன்றும். சில கல்லூரிகளில் அதைத் தவறவிட்டுச் சாதாரண இளநிலைக்கு மட்டும் விண்ணப்பித்துவிடும் பிள்ளைகள் உண்டு. இன்னும் சில இடங்களில் இரண்டு கட்டம்: முதலில் பொது விண்ணப்பம், பிறகு அழைப்பு வந்தவர்களுக்குத் தனியாக மருத்துவ விண்ணப்பம். இரண்டாவது அழைப்பு பெரும்பாலும் மின்னஞ்சலில் வரும், பதிலுக்கு இரண்டு வாரமே இருக்கும். ஸ்பாம் பெட்டியைத் தினமும் பார்ப்பது சின்ன வேலைதான், தவறினால் போவது பெரிது.

பத்துத் திட்டங்களுக்கு விண்ணப்பித்தால் முப்பது கட்டுரை வரை சேரும். பள்ளி திறந்த பிறகு தொடங்கினால் செப்டம்பர் முழுவதும் தூக்கம் போய்விடும், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் சரியும். ஜூன், ஜூலையில் முதல் வரைவுகளை முடித்துவிட வேண்டும். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியர்களிடம் பதினோராம் வகுப்பு முடியும் மே மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். அறிவியல் ஆசிரியர் ஒருவர், மொழி அல்லது வரலாறு ஆசிரியர் ஒருவர், பள்ளிக் கவுன்சிலர், பிள்ளை சேவை செய்த இடத்தின் மேற்பார்வையாளர் என்ற கூட்டு நன்றாக இருக்கும். குடும்ப நண்பரான டாக்டர் தரும் கடிதத்தால் பெரிய பயனில்லை. அவர் பிள்ளையை வேலை செய்யும்போது பார்த்ததில்லை என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணுக்குப் பிறகு என்ன பார்க்கிறார்கள்?

விண்ணப்பத்தை இரண்டு பேர் படிக்கிறார்கள். கல்லூரியின் சேர்க்கை அலுவலர், 'இந்தப் பிள்ளை எங்கள் வளாகத்தில் எப்படி வாழும்' என்று பார்க்கிறார். மருத்துவக் கல்லூரிக்காரர் கேட்பது வேறு: 'பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபத்தொன்றில் நிலைக்குமா?' வழக்கமான வழியில் வரும் மாணவருக்கு நான்காண்டுக் கல்லூரி வாழ்க்கையே இதற்கு அத்தாட்சி. பிஎஸ்/எம்டி பிள்ளை அந்த அத்தாட்சியைப் பள்ளி நாட்களிலேயே காட்ட வேண்டும். மருத்துவம் என்ற வேலையை அருகில் பார்த்திருக்கிறது, அதன் சலிப்பையும் அழுக்கையும் கண்ட பின்னும் வேண்டும் என்கிறது என்பது தெரிய வேண்டும்.

ஷேடோயிங், அதாவது டாக்டரோடு நின்று பார்ப்பது, வெறும் பார்வைதான். இரண்டு மூன்று துறைகளில் சேர்த்து நாற்பது, ஐம்பது மணி நேரம் போதும். அதற்கு மேல் போவதில் லாபம் குறைவு. நோயாளியோடு நேரடியாகப் பழகும் சேவைக்குத்தான் எடை அதிகம். முதியோர் இல்லம், ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான முகாம் என்று எங்காவது ஒரே இடத்துக்கு இரண்டு ஆண்டு போவது, ஆறு இடங்களில் இருபது இருபது மணி நேரம் காட்டுவதைவிட மேல். பல மருத்துவமனைகள் பதினாறு வயதுக்குக் கீழானவர்களைத் தன்னார்வலராக எடுப்பதில்லை. அதனால் ஒன்பது, பத்தாம் வகுப்பில் முதியோர் இல்லத்தில் தொடங்கி, பிறகு மருத்துவமனைக்கு நகர்வது இயல்பான வழி. இந்தியாவுக்கு லீவில் வரும்போது மாமா கிளினிக்கில் ஊசி போட்டுப் பழகினேன் என்று எழுதுவது ஆபத்து. தகுதியில்லாமல் நோயாளியைத் தொட்டதைப் பெருமையாகச் சொல்வதாகவே அதைப் படிப்பார்கள்.

காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம். ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துக்குறிதான். 'மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் உதவினேன். கருணையும் குழு உணர்வும் கற்றேன்' என்ற பொருளில் எழுதினால் இடம் நிரம்பிவிடும், ஆள் தெரியாது. 'மறதி நோயுள்ள மூவருக்கு சனிதோறும் மதிய உணவு ஊட்டினேன். ஒரு கிண்ணம் சூப்புக்கு நாற்பது நிமிடம்' என்றால் அந்தப் பிள்ளை கையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. பொறுமை என்ற சொல்லே தேவைப்படவில்லை.

கட்டுரைகளிலும் இதே கணக்குதான். ஏன் மருத்துவம், ஏன் இந்தத் திட்டம் என்ற இரண்டோடு, ஏன் இப்போதே என்ற மூன்றாவது கேள்வியும் உண்டு. இதற்குத்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'எம்கேட் அழுத்தம் இல்லாமல் படிக்கலாம்' என்பது எல்லோர் மனதிலும் உள்ள உண்மை. ஆனால் அது மருத்துவக் கல்லூரிக்கு என்ன தரும்? அந்த நேரம் மிச்சமானால் என்ன செய்வாய் என்பதே பதில். ஸ்பானிஷ் மொழியை நோயாளியிடம் பேசும் அளவுக்குக் கற்பது, ஓராண்டு சமூக சுகாதார மையத்தில் தரவு சேகரிப்பது என்று, அந்தப் பல்கலைக்கழகத்தில் உண்மையிலேயே இருக்கும் வகுப்பையும் மையத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். தாத்தாவின் நோயைப் பற்றி எழுதலாம், தவறில்லை. முக்கால்வாசி தாத்தாவும் கால்வாசி விண்ணப்பதாரருமாக முடிந்தால்தான் தவறு. காசு வாங்கிக்கொண்டு கட்டுரையைத் தாங்களே எழுதிக் கொடுக்கும் ஆலோசகர்களிடம் போகாதீர்கள். அறம் ஒரு பக்கம் இருக்கட்டும். நேர்காணலில் அந்தக் கட்டுரையின் மூன்றாவது வரியைக் காட்டி ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்?

நேர்காணல் அறை

டிசம்பரிலிருந்து மார்ச் வரை நேர்காணல்கள். சிலவற்றில் அரை மணி நேரப் பேச்சு. பலவற்றில் எம்எம்ஐ எனப்படும் சிறு நேர்காணல் வரிசை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. ஆறு முதல் பத்து நிலையங்கள் வரை இருக்கும். கதவில் ஒட்டிய சூழ்நிலையைப் படிக்க இரண்டு நிமிடம், உள்ளே போய்ப் பேச ஆறு முதல் எட்டு நிமிடம், மணி அடித்ததும் அடுத்த கதவு.

கதவில் இப்படி இருக்கலாம்: நீங்கள் முதியோர் இல்லத் தன்னார்வலர். நேற்று இரவு குளியலறையில் விழுந்ததாக ஒரு பாட்டி உங்களிடம் சொல்கிறார். 'என் மகளிடம் சொல்லிவிடாதே' என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். என்ன செய்வீர்கள்? 'ரகசியத்தை மதிப்பேன்' என்பவரும் 'உடனே மகளுக்குப் போன் செய்வேன்' என்பவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். நல்ல பதில் பாட்டியிடமிருந்து தொடங்கும். வலி இருக்கிறதா, தலையில் பட்டதா என்று கேட்பது. ஏன் மகளிடம் சொல்லக் கூடாது என்று கேட்பது. ஒருவேளை, விழுந்தது தெரிந்தால் தனியே நடக்க விடமாட்டார்கள் என்ற பயமாக இருக்கலாம். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காமல், 'நர்ஸிடம் சொல்லியே ஆக வேண்டும் பாட்டி, நான் உங்களோடு இருக்கிறேன்' என்று முகத்துக்கு நேராகச் சொல்வது. மகளுக்குச் சொல்வதா என்பது பாட்டியும் மருத்துவக் குழுவும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. தன்னார்வலர் தாண்டக் கூடாத கோடு அது. எட்டு நிமிடத்தில் அவர்கள் பார்ப்பது இந்தப் படிகளை. மனப்பாடம் செய்த 'தன்னாட்சி, நன்மை செய்தல்' போன்ற அறவியல் சொற்கள் இங்கே கைகொடுக்காது. வீட்டில் பயிற்சி செய்ய ஒரே வழி, கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் பேசுவது. பெரியவர்கள் குறுக்கே திருத்தாமல் மணி அடிக்கும்வரை கேட்க வேண்டும், நம் வீடுகளில் அதுதான் கஷ்டம்.

உறுதிமொழிக்குள் இருக்கும் எண்கள்

தேர்வுக் கடிதம் வந்தபின் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது ஜிபிஏ, அதாவது பாடங்களின் சராசரிப் புள்ளி (ஏ என்றால் 4, சி என்றால் 2). 3.5, 3.6 என்ற எண் பள்ளியில் 4.0 வாங்கிய பிள்ளைக்கு எளிதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் செமஸ்டரில் உயிரியல், வேதியியல், கணிதம், எழுத்துப் பயிற்சி என நான்கு பாடம், ஒவ்வொன்றும் 4 கிரெடிட். மூன்றில் ஏ, வேதியியலில் மட்டும் சி. மொத்த ஜிபிஏ 3.5. கடிதம் அறிவியல் ஜிபிஏவைத் தனியாகக் கேட்டால், கணிதத்தையும் சேர்த்து 3.33, சேர்க்காத திட்டத்தில் 3.0. கணிதம் சேராத அந்தக் கணக்கில், அடுத்த செமஸ்டரில் உயிரியல், வேதியியல் இரண்டிலும் ஏ வாங்கினாலும் 3.5-தான் ஆகும். 3.6-ஐத் தாண்ட இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டர் முடிய வேண்டும். ஆகவே அந்த எண்ணை எப்போது அளக்கிறார்கள் என்பது எண்ணைவிட முக்கியம். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் அளந்தால் இந்தப் பிள்ளை முதலாண்டிலேயே சிக்கலில் இருக்கும். பட்டம் முடியும்போது அளந்தால் தப்பிக்கும். விழுந்தால் உடனே வெளியேற்றமா, ஒரு செமஸ்டர் அவகாசமா என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது எம்கேட். இந்தத் தேர்வின் மதிப்பெண் 472-இலிருந்து 528 வரை, நடுப்புள்ளி 500. சில திட்டங்களில் தேவையில்லை. சிலவற்றில் எழுதினால் போதும். சிலவற்றில் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. அது அந்த மருத்துவக் கல்லூரியின் சராசரிக்கு அருகிலேயே இருந்தால், வழக்கமான வழியில் போகிறவர் சுமக்கும் பாரத்தை இவரும் சுமக்கிறார் என்று அர்த்தம். அப்போது அந்த உறுதிமொழியின் மதிப்பு என்ன என்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

மூன்றாவது ஏபி பாடங்கள், அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள். பள்ளியில் ஏபி வேதியியல் எழுதி உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியிருந்தால் கல்லூரி கிரெடிட் தரும். மருத்துவக் கல்லூரி அதை ஏற்காமல் போகலாம். ஏழாண்டுத் திட்டத்தில் மூன்றாண்டுக்குள் பட்டத்தை முடிக்க அந்த கிரெடிட்டை நம்பியிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய இடி. நான்காவது, வேறு மருத்துவக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாமா, பார்த்தால் கையிலுள்ள இடம் போய்விடுமா என்பது.

பணத்தை இப்போது தனியாகவே உட்கார்ந்து பேச வேண்டும். 2025 ஜூலையில் வந்த கூட்டரசுச் சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான் கூட்டரசுக் கடன் உச்சவரம்பு. மீதிச் செலவுக்குக் கைகொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்குக் கிடையாது. தனியார் மருத்துவக் கல்லூரி பலவற்றில் கட்டணமும் தங்குமிடமும் சேர்ந்து இந்த வரம்பை வெகுவாகத் தாண்டும். இளநிலைக்கு ஆண்டுக்கு 90,000 டாலர் கேட்கும் இடத்தில் பெற்றோரின் சேமிப்பு கரைந்துவிட்டால், மருத்துவ நான்காண்டுக்குத் தனியார் வங்கிக் கடன்தான். சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இளநிலை முடித்து, வழக்கமான வழியில் விண்ணப்பிப்பது பல குடும்பங்களுக்கு இதைவிட நல்ல முடிவு. அந்த வழி ஒன்றும் மூடிய கதவில்லை. ஆண்டுதோறும் 50,000 பேருக்கு மேல் எம்டி கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், ஏறத்தாழ 23,000 பேர் சேர்கிறார்கள். பெயர்பெற்ற பிஎஸ்/எம்டி திட்டங்களில் நூறில் சிலருக்கே இடம். அதனால் பட்டியலில் எட்டுப் பத்துத் திட்டங்களோடு, இடம் நிச்சயம் என்று சொல்லக்கூடிய சாதாரணக் கல்லூரிகள் நான்கைந்தாவது இருக்க வேண்டும்.

மே 1 பதில் சொல்லக் கடைசி நாள். ஏப்ரலில் கடிதம் வந்ததும் ஜிபிஏ எண், அளக்கும் நாள், அவகாசம், எம்கேட் நிபந்தனை, ஏபி ஏற்பு, வெளியே விண்ணப்பிக்கும் உரிமை, மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்தை மாற்றினாலோ ஓராண்டு இடைவெளி எடுத்தாலோ இடம் நிற்குமா என்ற ஏழு விஷயங்களையும் ஒரே மின்னஞ்சலில் திட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். போனில் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அதையே எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியவர் நான்காண்டில் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அப்போது பிள்ளையின் கையில் இருக்கப்போவது அந்த மின்னஞ்சல் மட்டும்தான்.